பிளாஸ்டிக் வாழையும் கால் ஆடும் மேஜையும்

ஆகஸ்ட் 4, திங்கள்

வீட்டுக்காரர் இன்றும் ஒரு பார்சலோடு வந்தார். ஆடித் தள்ளுபடியாம். பிரித்தால், சுவரில் மாட்டுகிற கயிற்றுத் தொங்கல். "ஆன்லைன்ல எல்லாரும் இதைத்தான் வாங்கறாங்க விஜயா. போஹோ ஸ்டைலு." தொட்டுப் பார்த்தேன். பனியன் வேஸ்ட்! இவர் தன் கட்டிங் யூனிட்டிலிருந்து மூட்டை மூட்டையாக எடைக்குப் போடுகிறாரே, அதே துணிதான் முறுக்கி முடிச்சுப் போட்டு வந்திருக்கிறது. சொன்னேன். "அது வேற, இது வேற" என்று ஆணி தேடப் போய்விட்டார்.

எல்லாம் மகள் யாழினிக்காக. 24ஆம் தேதி அவளைப் பெண் பார்க்க அவிநாசியிலிருந்து வருகிறார்கள். பையன் சதீஷ்குமார், சொந்த நிட்டிங் யூனிட். தரகர் கொடுத்த விவரத்தாள் கல்யாணப் பத்திரிகை மாதிரி தடித்த அட்டையில், மேலே பிள்ளையார் படத்தோடு இருக்கிறது. வீடு, தோட்டம், கார் வரைக்கும் படித்தேன். போதும், மனசு நிறைந்துவிட்டது. சாமி அறையில் வைத்தாயிற்று.

ஆகஸ்ட் 7

பிளாஸ்டிக் வாழைமரம் வந்து ஹாலில் நிற்கிறது. கொல்லையில் நிஜ வாழை குலை தள்ளி நிற்கிறது. அதைப் படம் எடுக்க ஆளில்லை.

ஆகஸ்ட் 13, புதன்

இன்று யாழினியின் அறை. அவள் வேலை பார்க்கிற பழைய மேஜை மொட்டை மாடி ஷெட்டுக்குப் போய்விட்டது. கால் ஆடுகிறதாம், லுக்கைக் கெடுக்கிறதாம். அந்த இடத்தில் ஒரு கூடை ஊஞ்சல். உட்கார்ந்தால் எழுந்திருக்க இரண்டு பேர் வேண்டும்.

யாழினி ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் வெளிநாட்டு ஆர்டர்களைப் பார்த்துக்கொள்கிற மெர்ச்சன்டைசர். சாயங்காலம் வீட்டுக்கு வந்தும் வெளிநாட்டுக்காரர்களோடு பேசிக்கொண்டிருப்பாள். "லேப்டாப்பை எங்கீங்கப்பா வைக்கறது?" என்று கேட்டாள்.

"இன்னும் எத்தனை நாளைக்குக் கண்ணு?" என்று சிரித்தார்.

அவள் என்னைப் பார்த்தாள். நான் ஊஞ்சல் கொக்கி நேராக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆகஸ்ட் 22, வெள்ளி

இன்டீரியர் வேலை முடிந்ததாம். யாரிடம் சொல்கிறார்கள்? இருபத்திரண்டு வருடமாகப் பனியன் கம்பெனியில் செக்கிங். ஒரு சட்டையில் ஒரு தையல் விட்டாலும் என் கை சும்மா இருக்காது. ஹேண்ட்பேக்கில், கம்பெனியில் பழுதைக் காட்ட ஒட்டுகிற சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் இருந்தது. பெயின்ட் வழிந்த இடம், பீரோ கதவில் கீறல், சோபா காலில் வெடிப்பு, ஃபால்ட் இருந்த இடத்திலெல்லாம் ஒட்டிவிட்டேன்.

இன்டீரியர்காரர் முருகேஷ் மிரண்டுபோனார். "அக்கா, இதையெல்லாம் பனியனுக்குத்தானுங்க ஒட்டுவாங்க?" நாளைக்கு வந்து எல்லாவற்றையும் சரி செய்வதாகச் சொன்னார்.

ஆகஸ்ட் 23

முருகேஷ் வரவில்லை. போனும் எடுக்கவில்லை. ஸ்டிக்கரை நானே பிய்த்தேன். பெயின்டும் கூடவே வருகிறது. சுவரில் பெரிய உரிசல், அதை மறைக்க பிளாஸ்டிக் வாழையை நகர்த்தினோம். சரி, ஒரு வேலைக்காவது உதவியது.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

வந்தார்கள். வீட்டுக்காரர் ஒவ்வொரு பொருளையும் மியூசியம் காட்டுகிறவர் போலக் காட்டினார். பையனின் அம்மா ராமாத்தாள் சோபாவில் உட்காரப் போனவர் குனிந்தார். சோபா காலில் ஒரு ஸ்டிக்கர்! நான் பிய்க்க மறந்தது. அப்படியே பூமிக்குள் போய்விடலாம் போல இருந்தது.

அவர் விழுந்து விழுந்து சிரித்தார். "ஏனுங்க, பையர் வந்து சரக்குப் பாக்கற இன்ஸ்பெக்‌ஷனுங்களா? நானும் பெருமாநல்லூர்ல ஒம்பது வருசம் செக்கிங்ல இருந்தவளுங்க." அதற்குப் பிறகு ஒரே ஒட்டுறவு. கர்ட்டன் ஓரம் ஏறி இறங்கியிருப்பதை அவர்தான் கண்டுபிடித்தார். நல்ல கண்.

கிளம்பும்போது யாழினியின் கன்னத்தை வழித்துச் சொன்னார்: "இனி வேலைக்கெல்லாம் எதுக்கு சாமி? எங்கூட்டுல எல்லாமே இருக்குது."

ஒன்பது வருடம் வேலைக்குப் போனவர். நானும் தலையாட்டினேன். ஏன் ஆட்டினேன்?

ஆகஸ்ட் 25, திங்கள்

காலையில் விளக்கேற்றப் போனேன். விவரத்தாளில் ஒரு சிவப்பு அம்புக்குறி. கடைசி வரிக்கு நேராக: 'மணமகள் பணிக்குச் செல்வதில் விருப்பமில்லை.'

அச்சடித்தே கொடுத்திருக்கிறார்கள். நான் கார் வரைக்கும்தான் படித்தேன்.

யாழினி பின்னால் நின்றிருந்தாள். "சோபா காலு வரைக்கும் பாத்தீங்கம்மா. இதைப் பாக்கலியே. பாஸ் போட்டது நீங்கதானுங்க."

ஐயோ, சுருக்கென்று இருந்தது. கம்பெனியில் ஒரு பெண் இப்படி ஒரு பீஸை விட்டிருந்தால் நான் என்ன ஆட்டம் ஆடியிருப்பேன்!

மத்தியானம் ராமாத்தாளுக்குப் போன் போட்டேன். "எங்க புள்ள வேலைக்குப் போவாளுங்க. சம்மதம்னா மேல பேசலாமுங்க." அவர் சொன்னார்: "பையன்கிட்டக் கேட்டுச் சொல்றேனுங்க."

வீட்டுக்காரர் தலையில் கை வைத்தார். "இவ்வளவு பண்ணி... இந்த ஊட்டை இப்ப யாருக்குக் காட்டறது?"

"நாமளே பாத்துக்கலாமுங்க" என்றேன்.

செப்டம்பர் 12, வெள்ளி

அவிநாசியிலிருந்து போன் வரவில்லை. கூடை ஊஞ்சலை மொட்டை மாடி ஷெட்டுக்கு ஏற்றியாயிற்று. மேஜை இறங்கிவிட்டது. கால் இன்னமும் ஆடியது. தாங்கு கொடுக்கத் தடித்த அட்டையாகத் தேடினேன். அந்த விவரத்தாளின் பிள்ளையார் படத்தை மட்டும் பத்திரமாகக் கத்தரித்துச் சாமி அறையில் வைத்துவிட்டு, மிச்சத்தை நான்காக மடித்துச் செருகினேன். இப்போது ஆடவில்லை. யாழினி போனில் யாருக்கோ டெலிவரி தேதி சொல்லிக்கொண்டிருக்கிறாள்.