ஒரு குறையும் இல்லை

அன்புள்ள பெர்னீஸ்,

நீயும் பிள்ளைகளும் சுகம்தானே? நானும் சுகம் என்று எழுதப் பயமாக இருக்கிறது. அந்தப் பழக்கத்தால்தான் மாட்டிக்கொண்டேன்.

சுரங்கத்தில் அடிபட்ட முதுகுக்காக ஊனமுற்றோர் உதவித்தொகை கேட்டிருந்தேனே, நேற்று விசாரணை. “எப்படி இருக்கீங்க, மிஸ்டர் பார்டி?” என்றார் அந்த அதிகாரி அம்மா. நம் தீவுக்காரன் வாய் சும்மா இருக்குமா? “ஒரு குறையும் இல்லம்மா!” என்றேன். அப்படியே எழுதிக்கொண்டார்.

“ஐயோ, அது மரியாதைக்குச் சொன்னதும்மா!”

“குறையே இல்லாதவருக்கு எதுக்குங்க உதவித்தொகை?” என்று சிரித்தார். “வீட்டுல இருக்கிறவங்க உள்ளதை எழுதட்டும். மாசக் கடைசி வரைக்கும் பார்க்கிறேன்.”

ஆகவே என் குறைகளை உடனே எழுதி அனுப்பு. உனக்குத் தெரியாததா! குறட்டையை விட்டுவிடு, முதுகு போதும். நான் இங்கே வேலைக்கு வரும்வரை தினமும் எனக்குக் காலுறை மாட்டிவிட்டது நீதான் என்பதை மறக்காமல் எழுது. குனிய முடியாததால் இங்கே வெறுங்காலில்தான் பூட்ஸ் போடுகிறேன். தொகை கிடைத்தால் வீட்டுக்கே வந்துவிடுவேன்.

தபால்காரர் நிற்கிறார்.

உன்,
கிளாரன்ஸ்