உப்பாத்தா அணைத்த கற்பூரம்

ஆடி 4, ஞாயிறு

அம்மன் துணை. காலையில் தூறல், பிறகு வெயில். கூழ் நல்ல புளிப்பு. கோயிலில் ஊற்றியது போக ஒரு சொம்பு மிச்சம். முருங்கைக்கீரை போதவில்லை, அடுத்த வாரம் கூட இரண்டு கட்டு. பால் கணக்கு எழுதியாச்சு. கோட்டை மலையிலிருந்து குரங்குகள் இறங்கிவிட்டன. எதிர்வீட்டில் ஒன்று சோற்றுக் குண்டானையே உருட்டிவிட்டதாம். கடைக்குப் போனால் எல்லா அறைக்கும் வெளித்தாழ்ப்பாள் போட மறக்கக் கூடாது.

மத்தியானம் ஷாஹிதா வந்தாள். ரேவதியோடு ஒன்றாம் வகுப்பிலிருந்து படித்தவள். பஜாரில் மருந்துக் கடையில் வேலை. ஞாயிறு மத்தியானம்தான் ஓய்வு. அதையும் இங்கே வந்து என் மகளோடு கழிக்கிறாள். அவள் நன்றாக இருக்க வேண்டும்.

இருவரும் கூடத்தில் பாய் போட்டு ஒரு கதை விளையாட்டு விளையாடுகிறார்கள். ஷாஹிதா கதை சொல்லிக்கொண்டே போவாள். ரேவதி அந்தக் கதைக்குள் ஒரு ஆள். ஜெயமா தோல்வியா என்று பகடை உருட்டிப் பார்ப்பார்கள். இருபது முகம் அதற்கு, எண் பெரிதாக விழுந்தால் ஜெயம். நம் தாயக்கட்டைக்குப் பெரியம்மா மாதிரி. ஊர் ஏழுமுனைப் பட்டினம், பெரிய துறைமுகம். உலகத்தில் எங்கும் கிடையாது. அங்கே மீனுக்கு இறக்கை உண்டு, விளக்கு எண்ணெயும் நெருப்பும் இல்லாமல் வெளிச்சம் தரும்.

இன்று ஷாஹிதாவுக்குத் தொண்டை கட்டிவிட்டது. மிளகுக் கஷாயம் கொண்டுபோனேன். "ஆன்ட்டி, துறைமுகத்துத் தலைவியா நீங்க பேசுங்களேன்" என்றாள். யார் அவள் என்றேன். கடத்தல் சரக்கு, திருட்டுப் படகு, அடியாட்கள், எல்லாம் அவள் கைக்குள். ராஜாவே அவளைக் கேட்டுத்தான் கப்பல் விடுவானாம். சுருக்கமாகச் சொன்னால் ரவுடி. வெள்ளிக்கிழமை விரதம் இருக்கிறவளிடம் கேட்கிற உதவியா இது?

ரேவதி சிரித்தாள். சத்தமாக. போன ஆடிக்குப் புதுப்பெண் என்று அழைத்து வந்தோம், ஆவணி பிறந்தும் புருஷன் வீட்டுக்குப் போக மாட்டேன் என்று அறையில் உட்கார்ந்தவள். "ஒத்து வரலம்மா" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை இல்லை. அவள் சிரிக்கிறாள் என்றால் நான் ரவுடியாகவே இருந்துவிட்டுப் போகிறேன்.

தலைவிக்கு ஷாஹிதா வைத்திருந்த பெயர் என் வாயில் நுழையவில்லை. உப்புக் கிடங்கில் உட்கார்ந்து ஊரை ஆள்கிறவள், அதனால் உப்பாத்தா என்று மாற்றினேன். கப்பல் எப்படிப் புறப்படும் என்று எனக்குத் தெரியாது. செஞ்சி பஸ் ஸ்டாண்டு தெரியும். "திண்டிவனம் திண்டிவனம்" என்று கூவுகிற மாதிரி கப்பல்களைக் கூவ விட்டேன். அமாவாசையில் திருடப் போகக் கூடாது என்று அடியாட்களுக்கு உத்தரவு போட்டேன். இரண்டு பேரும் பாயில் புரண்டார்கள்.

அம்மன் துணை. இன்றைக்கு இது போதும்.

ஆடி 5, திங்கள்

ரேஷனில் துவரம் பருப்பு வரவில்லை. சர்க்கரை மட்டும்.

ஆரணியிலிருந்து சம்பந்தியம்மா போன். அடுத்த வார வெள்ளிக்கிழமை மாப்பிள்ளையோடு வருகிறார்களாம். ஆடியில் அழைத்துப் போக மாட்டார்கள், ஆவணிக்கு நாள் மட்டும் பேசி முடிக்கணுமாம். இவருக்குச் சந்தோஷம். பஸ்ஸில் கண்டக்டராக இருந்த பழக்கம், எதற்கும் உள்ளே போ, உள்ளே போ என்பார். "இன்னா பெருசா நடந்துடுச்சு? அடிச்சாங்களா, திட்டினாங்களா? கொஞ்சம் அனுசரிச்சி நின்னா எடம் கெடைக்கும்" என்றார். ஊரும் கேட்கிறது. ஒரு வருஷம் ஆகிவிட்டது, என்ன பதில் சொல்வது?

ரேவதியிடம் சொன்னேன். தலையாட்டினாள். இரவு சாப்பிடவில்லை.

ஆடி 8, வியாழன், அமாவாசை

மேல்மலையனூர் போய் வந்தோம். ஸ்பெஷல் பஸ். ஏறின கூட்டத்தில் மூச்சு முட்டியது. டிரைவருக்கு இவரைத் தெரியும், எனக்கு என்ஜின் மேல் உட்கார இடம். இடம் கொடுத்த தம்பிக்கு நல்ல காலம் வரட்டும்.

அங்காளம்மாவிடம் நீளமாகக் கேட்கவில்லை. அனுப்பணுமா வேண்டாமா, காட்டு. அவ்வளவுதான். குங்குமம், எலுமிச்சம்பழம் இரண்டு, கற்பூரம் ஒரு பொட்டலம். வரும்போது வல்லம் அக்கா வீட்டில் வேர்க்கடலை கொடுத்துவிட்டார்கள். மணிலாக் கொட்டை இந்த வருஷம் திரட்சி.

ஆடி 11, ஞாயிறு

கூழ். கீரை சரியாக இருந்தது.

மத்தியானம் விளையாட்டு. ஷாஹிதாவுக்குத் தொண்டை சரியாகிவிட்டது. ஆனாலும் உப்பாத்தா வேலையைத் திருப்பிக் கொடுக்கவில்லை நான். இன்றைய கதை: ரேவதியின் ஆள், பெயர் கயல், ஒரு பெரிய கப்பலிலிருந்து தப்பி உப்புக் கிடங்கில் வந்து ஒளிந்திருக்கிறாள். கப்பல்காரன் தேடுகிறான். பிடித்துக் கொடுத்தால் ஒரு பெட்டி பொன். கொடுப்பதா காப்பதா என்று நான் விசாரிக்க வேண்டும்.

கால் மேல் கால் போட்டு உட்கார்ந்தேன். உப்பாத்தா அப்படித்தான் உட்காருவாள்.

"அடிச்சானா?" என்றேன்.

"இல்ல."

"சோறு போடலியா?"

"போட்டாங்க."

"அப்புறம் இன்னாத்துக்கு ஓடி வந்த?"

ரேவதி பகடையைக் கையில் வைத்து உருட்டிக்கொண்டே இருந்தாள். கீழே போடவில்லை.

"என் அறைக்கு வெளிப்பக்கம் தாழ்ப்பா. அவங்க கரைக்கு எறங்கும்போதெல்லாம் போட்டுட்டுப் போவாங்க. எப்ப வருவாங்கன்னு தெரியாது. ஒரு நாள் உள்ள வெளக்கு சாஞ்சி திரைச்சீல பத்திக்கிச்சி. கத்தினேன். யாரும் இல்ல. கையாலயே அணைச்சேன்."

ஷாஹிதா எழுதுவதை நிறுத்திவிட்டாள்.

ஏழுமுனைப் பட்டினத்தில் விளக்குக்கு எண்ணெயும் கிடையாது, நெருப்பும் கிடையாது. ஷாஹிதாதான் அப்படி வைத்திருந்தாள். ரேவதிக்கு இடது உள்ளங்கையில் தழும்பு. தோசைக்கல் என்று சொல்லியிருந்தாள். நானும் விளக்கெண்ணெய் தடவினேன்.

எனக்குப் பேச வரவில்லை. ஆனால் உப்பாத்தாவுக்கு வந்தது. "அடைக்கலம் குடுக்கறேன்" என்றாள் அவள். கதைப்படி விரலைக் கீறி ரத்தத்தால் சத்தியம் பண்ணணும் என்றாள் ஷாஹிதா, மெதுவாக. ரத்தமெல்லாம் எதற்கு, எங்கள் பக்கத்து வழக்கம் வேறு என்றேன். எழுந்து போய் மேல்மலையனூர் கற்பூரத்தில் ஒரு கட்டி எடுத்து, அம்மன் படத்துக்கு எதிரில் தாம்பாளத்தில் ஏற்றினேன்.

"அடைக்கலம்னு வந்தவள, அவ வாயால போறேன்னு சொல்லாம, எவன் வந்து கேட்டாலும் குடுக்க மாட்டேன்."

சொல்லிக் கையால் அடித்து அணைத்தேன்.

புகை அடங்கின பிறகுதான் புரிந்தது. உப்பாத்தா இல்லாத ஊரில் இல்லாத ஆள். கை என்னுடையது. கற்பூரம் கோயில் கடையில் வாங்கினது. கற்பூரம் அணைத்த சத்தியத்தை மீறின குடும்பம் எங்கள் தெருவிலேயே இருந்தது, இப்போது இல்லை.

ஷாஹிதா போகும்போது வாசலில் சொன்னாள். "விளையாட்டுதான் ஆன்ட்டி. பயப்படாதீங்க." விளையாட்டுக் கற்பூரம் என்று தனியாக விற்கிறார்களா என்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பயம் இல்லை எனக்கு. அங்காளம்மாவிடம் காட்டு என்று கேட்டேன், காட்டிவிட்டாள்.

ஆடி 13, செவ்வாய்

கேஸ் சிலிண்டர் வந்தது. சீல் பார்த்து வாங்கியாச்சு. தைக்கக் கொடுத்த ரவிக்கை இறுக்கம், பிரித்துத் தைக்கணும்.

மாவு மிஷினுக்குப் புறப்பட்டேன். ரேவதி உள்ளே தூங்குகிறாள். குரங்குப் பயத்தில் அவள் அறைக்கு வெளித்தாழ்ப்பாளில் கை போய்விட்டது. பழக்கம். பங்குனியில் ஒரு நாள் இப்படிப் போட்டுவிட்டுப் போய்த் திரும்பினபோது கதவைப் பிடித்துக்கொண்டு நடுங்கிக்கொண்டு நின்றாள். குரங்கைப் பார்த்துப் பயந்திருக்கிறாள் என்று தலையைச் சுற்றி உப்பு மிளகாய் போட்டேன்.

மாவு மிஷினுக்குப் போகவில்லை. அரிசியோடு அந்தக் கதவுக்கு எதிரிலேயே உட்கார்ந்திருந்தேன். எழுந்து வந்தவள், "இன்னாம்மா இங்க குந்தியிருக்க?" என்றாள். சும்மா என்றேன்.

ஆடி 16, வெள்ளி

இன்று நடந்ததை விடாமல் எழுதிவைக்க வேண்டும்.

காலை பத்தரைக்கு வந்தார்கள். பழம், பூ, மிட்டாய்ப் பெட்டி. மாப்பிள்ளை போனைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்தார். சம்பந்தியம்மா நல்லவிதமாகத்தான் பேசினாள். "ஆடி போவட்டும். ஆவணி பொறந்ததும் நல்ல நாள் பாத்து அழைச்சிட்டுப் போறோம். ஒரு வருஷம் அம்மா வூட்டுல சீராட்டினது போதும்" என்றாள். இவர் சரி சரி என்று தலையாட்டினார். ரேவதி அடுப்படிக் கதவோரம்.

காபித் தட்டோடு நான் நடுக்கூடத்தில். கப்பல்காரன் பொன் பெட்டியோடு வந்து கேட்கிற இடம்தான் இது. தட்டில் காபி தளும்பியது. அந்தக் குரல் வருமா என்று பார்த்தேன். வந்தது, ஆனால் சின்னதாக.

"சம்பந்தி, உங்க வூட்டுல எம் பொண்ணு ரூமுக்குத் தாழ்ப்பா எந்தப் பக்கம்?"

மாப்பிள்ளை போனிலிருந்து தலை தூக்கினார்.

"ரெண்டு பக்கமும் இருக்கும். எதுக்கு?" என்றாள் சம்பந்தியம்மா.

"வெளிப்பக்கம் யாரு போடுவாங்க?"

"நாங்க வெளிய கிளம்பினா போட்டுட்டுத்தான் போவோம். காலம் கெட்டுக் கெடக்குது. வயசுப் பொண்ணு தனியா இருக்கா. அவ பாதுகாப்புக்குத்தானே."

மறைக்கவே இல்லை. அவளுக்கு அதில் தப்பு தெரியவில்லை.

நான் ரேவதியின் இடது கையை எடுத்து இவருக்கு விரித்துக் காட்டினேன். "உள்ள தீப்புடிச்சப்ப வந்தது." வேறெதுவும் சொல்லவில்லை.

இவர் டம்ளரைக் கீழே வைத்தார். தழும்பைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு மாப்பிள்ளை பக்கம் திரும்பி, குரலை உயர்த்தாமல் சொன்னார். "ஓடற பஸ்ஸுல அத்தினி கூட்டம் ஏத்திருக்கேன் தம்பி. ஆள உள்ள வெச்சி வெளிய பூட்டினது இல்ல."

அப்புறம் ரேவதியைக் கேட்டார். "நீ சொல்லு கண்ணு."

"போகல நைனா."

அவள் வாயால் சொல்லிவிட்டாள். என் சத்தியம் நின்றது.

சம்பந்தியம்மா எழுந்துவிட்டாள். அப்படியானால் வக்கீலை வைத்துப் பேசிக்கொள்ளலாம் என்றாள். வாசல்வரை போய்த் திரும்பி, "பொண்ண ஊறுகா போட்டு வெச்சிக்குங்க" என்றாள். சொல்லட்டும். ஆடி வெள்ளி, வீட்டுக்கு வந்த சுமங்கலி வெறும் நெற்றியோடு போகக் கூடாது. குங்குமமும் வெற்றிலை பாக்கும் கொடுத்தேன். அவளும் மறுக்காமல் இட்டுக்கொண்டுதான் போனாள்.

மாப்பிள்ளை போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பின்னாலேயே போனார்.

அவர்கள் குடிக்காத காபியை நாங்கள் மூன்று பேரும் ஆளுக்கொன்றாகக் குடித்தோம். ஆறிப்போயிருந்தது. வக்கீல், கோர்ட்டு என்று இனிமேல் அலைச்சல் உண்டு. இருக்கட்டும். நான் அஞ்சாவதோடு நின்றவள், கடலை மடித்த காகிதத்தில் எழுத்துக் கூட்டிப் படித்தவள். எனக்குக் கேட்கத் தெரியாத கேள்வியை ஒரு ரவுடி வாயால் கேட்க வைத்தாய் தாயே. ஷாஹிதாவுக்குத் தொண்டை கட்டினதும் உன் வேலையாகத்தான் இருக்கும்.

ஆடி 18, ஞாயிறு, பதினெட்டாம் பெருக்கு

நல்ல வெயில். சித்ரான்னம்: புளி, எலுமிச்சை, தேங்காய். ஷாஹிதா வீட்டுக்கு ஒரு தூக்கு தனியாக.

காலையில் இவர் ஸ்குரூ டிரைவர் எங்கே என்று கேட்டார். எதற்கென்று கேட்கவில்லை. ரேவதி அறையின் வெளித்தாழ்ப்பாளைக் கழற்றினார். துரு, ஒரு ஸ்குரூ வரவில்லை, சுத்தியலால் நெம்பினார். ரேவதி பக்கத்தில் நின்று கழன்றதை ஒவ்வொன்றாகக் கையில் வாங்கிக்கொண்டாள். கதவில் நாலு ஓட்டை. மக்கு வாங்கி அடைக்கணும்.

மத்தியானம் விளையாட்டு. இவரும் பாயில் வந்து உட்கார்ந்துவிட்டார், எனக்கு ஒரு வேலை கொடுங்கள் என்று. உப்பாத்தாவின் படகில் கண்டக்டராகப் போட்டோம். கயலுக்குத் துறைமுகத்தில் தனியாக ஒரு கடை வைத்துக் கொடுக்கலாமா என்று ஷாஹிதா கேட்டாள். ரேவதி யோசிக்கிறேன் என்றாள். பகடை உருட்டினாள். பத்தொன்பது.

நாங்கள் போட்ட கூச்சலில் ஒருவரும் கவனிக்கவில்லை. தாழ்ப்பாள் இல்லாத அறைக்குள் குரங்கு புகுந்து, சம்பந்தி கொண்டுவந்த வாழைப்பழத்தில் ஒரு சீப்பைத் தூக்கிக்கொண்டு கோட்டைப் பக்கம் போய்விட்டது. தின்னட்டும்.