டோரீன் வீட்டுப் பக்கத்து ஜன்னல்

மர்பி டவுன், பெங்களூர்
ஐப்பசி 3

அன்பு மகள் வீணாவுக்கு,

உன் அப்பா பாக்கியராஜ் தன் கையாலேயே எழுதுவது. நானும் உன் அம்மாவும் சுகமாக இருக்கிறோம். மஸ்கட்டில் நீயும் மாப்பிள்ளையும் பேத்தி சஹானாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறீர்கள் என்று உன் வாயால் கேட்க இங்கே இரண்டு பேர் காத்திருக்கிறோம். எழுத்தைப் பார்த்ததும் இது யார் எழுத்து என்று திகைத்திருப்பாய். இத்தனை வருஷமும் நான் சொல்லச் சொல்ல உன் அம்மாதான் எழுதினாள், நான் பத்து வார்த்தை சொன்னால் அதில் நான்கை எழுதிவிட்டு மீதிக்குத் தன் வார்த்தையைப் போட்டுக்கொள்வாள். இனி அந்தப் பேஜார் இல்லை. ஜோகுபாளையத்தில் ஒரு சர்ச் ஹாலில் சாயங்கால வகுப்பு நடக்கிறது, பிரிசில்லா டீச்சர் ரிட்டயர் ஆன பிறகு எங்களைப் போன்றவர்களை உட்காரவைத்துச் சொல்லிக் கொடுக்கிறார். எட்டு மாதம் விடாமல் போனேன். இப்போது காலண்டரில் ராகு காலம் எப்போது என்று நானே பார்த்துச் சொல்லிவிடுகிறேன், உன் அம்மாவுக்கு அது அவ்வளவாகப் பிடிக்கவில்லை. ஒரு வரி எழுதி முடித்ததும் அதைத் திரும்பப் படித்துப் பார்க்கிறேன், நான் நினைத்ததே அங்கே உட்கார்ந்திருக்கிறது, தனியாகச் சிரித்துக்கொள்கிறேன். இந்தக் கடிதம் ஆறு நாள் வேலை. தப்பு இருந்தால் திருத்திப் படித்துக்கொள். இதில் உன்னிடம் ஒன்பது வருஷமாகச் சொல்லாமல் வைத்திருந்த விஷயம் ஒன்று இருக்கிறது. போனில் சொல்லலாம் என்றால் வேறு எதையாவது பேசிவிட்டு வைத்துவிடுகிறேன். வீட்டுச் சமாசாரத்தைச் சொல்லிக்கொண்டே அதற்கு வருகிறேன்.

இந்த வருஷம் மழை ஒரேயடியாகப் பிடித்துக்கொண்டது. வாசல் கதவு தண்ணீர் குடித்து ஊதிப்போய் நிலையில் இறுகிக்கொண்டது, தினமும் காலையில் தோளால் முட்டித்தான் திறக்க வேண்டியிருந்தது. உன் அம்மா ‘ஊர்ல திருடன் உள்ள வர்றதுக்குக் கதவ உடைப்பான், நாம வெளிய போறதுக்கு உடைக்கிறோம்’ என்றாள். பிறகு குணசேகரைக் கூப்பிட்டேன். நம் தங்கவயல் பிள்ளைதான், எலெக்ட்ரானிக் சிட்டியில் அடுக்குமாடி வீடுகளுக்குக் கதவு மாட்டுகிற வேலையில் இருக்கிறான், இரண்டு நாள் லீவு போட்டுவிட்டு வந்தான். வந்ததும் ‘மாமா, இத பிச்சிப் போட்டுட்டு பிளாஸ்டிக் கதவு போட்டுடலாம், மழை வந்தா என்ன சுனாமி வந்தா என்ன, அப்படியே நிக்கும்’ என்றான். அதற்கு உன் அம்மா ‘கதவு நிக்கும்பா, நாங்க மிதந்துட்டுப் போயிடுவோமே’ என்றாள். அப்புறம்தான் இழைப்புளியை எடுத்தான். கதவைக் கழற்றி அடிவிளிம்பையும் பக்கத்தையும் சீவினான், ஸ்க்ரூ பிடிக்காமல் லொடலொடத்த கீல் ஓட்டைகளில் தீக்குச்சியைப் பசை தடவிச் சொருகி மறுபடி முடுக்கினான். பெயிண்ட் அடிக்கும்போது கதவின் அடிவிளிம்புக்கும் அடிக்க வேண்டுமாம், அங்கே யாரும் அடிப்பதில்லை, தண்ணீர் அங்கேதான் ஏறுகிறதாம். உங்கள் வீட்டுக் குளியலறைக் கதவையும் ஒருமுறை குனிந்து பார்த்துவிடு. இப்போது நம் வாசல் கதவு ஒரு விரலால் தள்ளினால் திறக்கிறது. நான் அதைக் காரணமில்லாமல் நாலு தடவை திறந்து மூடிப் பார்த்தேன்.

அடுத்தது உன் அறை ஜன்னல். நான் பலகை அடித்து மூடிய பிறகு அதை யாரும் தொட்டதில்லை அல்லவா, மழைத் தண்ணீர் கீழ்ச்சட்டத்தில் தேங்கி மரம் இற்றுப்போய்விட்டது, சுவர் நனைந்து உன் கட்டில் தலைமாட்டில் காரை உதிர்ந்தது. மார்கழியில் நீ குழந்தையோடு வந்தால் அங்கேதான் படுப்பாய், இந்த ஈரத்தில் எப்படிப் படுக்கவைப்பது என்று பலகையைக் கழற்றச் சொன்னேன். கழற்றினதும் உள்ளே ஒரு பெரிய குளவிக்கூடு, அதற்கப்புறம் வெளிச்சம். அப்படியே கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன் கண்ணு. தங்கச் சுரங்கத்தை மூடினதால் நாம் தங்கவயலை விட்டு இங்கே வந்தபோது உனக்கு ஏழு வயது. நான் வாட்ச்மேன் வேலைக்குப் போய்விடுவேன், அம்மா கார்மென்ட்ஸுக்குப் போய்விடுவாள், பள்ளிக்கூடம் விட்டு வந்த உனக்கு அந்த ஜன்னல்தான் துணை. ஜன்னலுக்கும் டோரீன் வீட்டுக்கும் நடுவில் நாலடிச் சந்து, சந்து டோரீனுடையது, நம் ஜன்னல் கதவுகள் அதற்குள்தான் வெளிப்பக்கமாகத் திறக்கும், அதற்காக அவள் ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. எதிரே அவளுடைய தையல் மெஷின் ஓடிக்கொண்டே இருக்கும், அது நின்றால் டீ போடுகிறாள் என்று அர்த்தம், கொஞ்ச நேரத்தில் கம்பி வழியாக உனக்கும் ஒரு டம்ளர் வரும். கிறிஸ்துமஸுக்குக் கல்கல் பலகாரம் வரும், ரோஸ் குக்கி வரும், பொங்கலுக்கு நம் வீட்டுக் கிண்ணம் அந்தப் பக்கம் போகும். உன் யூனிஃபார்முக்கு அளவெடுப்பதுகூட அங்கேதான். நீ கம்பியில் முதுகைச் சாய்த்து நிற்பாய், அவள் வெளியிலிருந்து கையை விட்டுத் தோளையும் இடுப்பையும் டேப்பால் அளப்பாள். ‘மூச்ச இழுத்துப் பிடிக்காதடி, நாளைக்கு சோறு தின்னா பட்டன் தெறிச்சிடும்’ என்பாள், நீ சிரிக்கிற சிரிப்பில் அளவே தப்பிப் போகும். பகல் டியூட்டி முடிந்து நான் வாசலில் செருப்பைக் கழற்றும்போது அந்தச் சிரிப்பு கேட்கும். அப்போது ஆகஸ்டிலேயே சாயங்காலம் ஸ்வெட்டர் போடுகிற குளிர் இருந்தது, அந்த ஜன்னல் வழியாக வருகிற காற்றில் மண்ணெண்ணெய் வாசனையும் டோரீன் பொரிக்கிற மீன் வாசனையும் சேர்ந்து வரும். நாம் நன்றாக இருந்த வருஷங்கள் அவை. அதைக் கெடுத்தவன் நான்.

குணசேகர் ஜன்னலைச் சுற்றித் தடவிப் பார்த்துவிட்டு ‘மாமா, இடது கதவுக்குக் கொக்கி இருக்கு, வலது கதவுக்கு ஸ்க்ரூ ஓட்டைதான் இருக்கு, ஜோடி எங்க போச்சு’ என்று கேட்டான். உன் அம்மா ‘துருப்புடிச்சி விழுந்திருக்கும்’ என்றாள். அந்தக் கொக்கி நம் குளியலறைக் கதவில் இருக்கிறது, வீணா. அங்கே தாழ்ப்பாள் உடைந்துபோனபோது, புதிது வாங்கச் சோம்பல்பட்டு, நீ வேலைக்குப் போயிருந்த நேரத்தில் ஜன்னல் கொக்கியைக் கழற்றி அதில் மாட்டினேன். அடுத்த வாரம் வாங்கிக்கொள்ளலாம் என்று இருந்தேன். அதற்குள் அந்த ஆடிக் காற்று. கொக்கியில்லாத கதவு சுவரிலிருந்து விடுபட்டு வந்து, துவைத்த துணியைத் தூக்கிக்கொண்டு நடந்த டோரீன் நெற்றியில் அடித்தது. மூன்று தையல். சந்து நிறைய ஜனம். கொக்கி மாட்டவில்லையா என்று யாரோ கேட்டார்கள். அத்தனை பேருக்கு முன்னால் நான்தான் கழற்றினேன் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை, ‘எம்பொண்ணுதான் மாட்ட மறந்திருப்பா, எப்ப பாரு போனும் கையுமா இருக்கா’ என்று சொல்லிவிட்டேன். நீ என்னை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாய். பிறகு தலையைக் குனிந்துகொண்டாய். அந்தப் பக்கம் டோரீன் கத்தினாள், நானும் ‘சந்துல நடக்கறவங்க தலைக்கு மேல பார்த்து நடக்கணும்’ என்று கத்தினேன், அன்று சாயங்காலமே இரண்டு கதவையும் கட்டுக்கம்பியால் முறுக்கிக் கட்டி மேலே பலகையை அடித்தேன். மூன்று மாதத்தில் நீ மஸ்கட் போய்விட்டாய். அதற்கப்புறமும் உன் அம்மா ‘ஒரு கொக்கி மாட்ட உடம்பு வணங்காம பதினஞ்சு வருஷத்து சிநேகிதத்த அறுத்துட்டா’ என்று உன்னைத் திட்டும்போதெல்லாம் நான் தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டேன்.

இற்றுப்போன சட்டத்தை மாற்ற ஆள் வெளிப்பக்கம் நிற்க வேண்டும், வெளிப்பக்கம் டோரீன் சந்து. அவளிடம் போய்க் கேட்க வேண்டும். கேட்பதென்றால் இதையும் சொல்லாமல் வெறுமனே போய் நிற்க எனக்கு மனசு வரவில்லை. வாயால் சொல்ல முடியாததை எழுதிவிடலாமே, இப்போதுதான் எழுத வருகிறதே என்று நோட்டில் ஒரு பக்கம் எழுதினேன். நான்தான் கொக்கியைக் கழற்றினேன், வீணா மீது பழியைப் போட்டேன், மன்னிக்க வேண்டும், ஆசாரி இரண்டு நாள் உங்கள் சந்தில் நிற்க இடம் கொடுக்க வேண்டும் என்று. கிழித்து மடித்து அவள் கதவுக்குக் கீழே தள்ளிவிட்டு ஓடி வந்துவிட்டேன். மூன்று நாள் ஒரு சத்தமும் இல்லை. கிழித்துப் போட்டுவிட்டாள் என்று நினைத்தேன். குணசேகரும் சட்டத்துக்கு மரத்தை அறுத்து வைத்துவிட்டு, சொல்லியனுப்புங்கள் என்று போய்விட்டான்.

நாலாம் நாள் காலையில் கதவைத் தட்டினது டோரீன். ஒன்பது வருஷத்துக்கப்புறம் நம் வாசலில் நிற்கிறாள், தலை முழுக்க நரைத்துவிட்டது, கையில் என் காகிதம். ‘நீங்க குனிஞ்சி இத தள்ளுனத கர்ட்டன் வழியா பார்த்தேன்ணா. நான் படிச்சது எல்லாம் இங்கிலீஷ்ல, தமிழ் பேசத்தான் வரும், ஒரு எழுத்து படிக்கத் தெரியாது. அக்கம்பக்கத்துல குடுத்துப் படிக்கலாம், ஆனா உள்ள என்ன இருக்கோ, ஊருக்கெல்லாம் எதுக்கு. மூணு நாள் வச்சிப் பார்த்துட்டேன், தூக்கம் வரல. நீங்களே படிங்க’ என்று நீட்டினாள். இந்த ஊரில் நாற்பது வருஷம் தமிழ் பேசுகிறவளுக்குத் தமிழ் படிக்க வராது என்பது எனக்குத் தெரியும், எத்தனையோ பேரை அப்படிப் பார்த்திருக்கிறேன், எழுத வந்த சந்தோஷத்தில் அதை மறந்தே போனேன். வாயால் சொல்லப் பயந்து எழுதினதை வாயாலேயே சொல்ல வேண்டியதாகிவிட்டது. அதுவும் எனக்கு வேகமாகப் படிக்க வராது. ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்து, நின்று நின்று படித்தேன். ‘கொக்கியை நான்தான்’ என்கிற இடம் வந்தபோது சமையலறையில் பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்றுவிட்டது.

அந்த வரி முடிந்ததும் டோரீன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள். ‘அண்ணா, ஃபாரின் போறதுக்கு முந்தின நாள் வீணா எங்க வீட்டுக்கு வந்தா. ஆன்ட்டி, நான்தான் கொக்கி மாட்ட மறந்துட்டேன், மன்னிச்சிடுங்கன்னு அழுதா. நான் அவ மூஞ்சிலயே கதவ சாத்திட்டேன்’ என்றாள். கொக்கி அங்கே இல்லை என்பது உனக்குத் தெரியும். தினமும் அதை மாட்டிய உனக்கு, யார் கழற்றினது என்பதும் குளியலறைக்குப் போன முதல் தடவையே தெரிந்திருக்கும். தெரிந்தும் போய் உன் மீதே போட்டுக்கொண்டு வந்திருக்கிறாய், எங்களிடம் மூச்சு விடவில்லை. எனக்குக் கண் மறைத்து எழுத்து தெரியவில்லை. டோரீன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு ‘மிச்சத்தையும் படிங்க’ என்றாள். மிச்சம் இருந்தது ஆசாரி நிற்க இடம் கேட்டது மட்டும்தான். அதையும் படித்தேன். ‘நிக்கட்டும். என் பூந்தொட்டிய ஒதுக்கி வச்சிட்டு நிக்கச் சொல்லுங்க, ஒண்ணு ஒடஞ்சாலும் விடமாட்டேன்’ என்று எழுந்து போனாள். உன் அம்மா அன்று முழுக்கத் தனக்கு மட்டும் காப்பி போட்டுக் குடித்தாள். மறுநாள்தான் ‘நானும்தானே அந்தப் பொண்ண வாய்க்கு வந்தபடி திட்டினேன்’ என்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அவள் உனக்குத் தனியாக எழுதப்போகிறாளாம். சொல், நான் எழுதித் தருகிறேன் என்றேன், முறைத்தாள்.

ஜன்னல் வேலை நேற்று முடிந்தது. கீழ்ச்சட்டம் புதிது, தண்ணீர் வெளியே வழிய ஒரு சரிவும் வைத்திருக்கிறான். யாருக்கும் தொந்தரவு இல்லாமல் பக்கவாட்டில் தள்ளுகிற கண்ணாடி போட்டுவிடலாம் என்று குணசேகர் சொன்னான், நானும் சரி என்றேன். சந்திலிருந்து டோரீன் ‘அதெல்லாம் வேணாம், எப்பவும் போல வெளியவே திறக்கட்டும், நான் குனிஞ்சி போயிக்கிறேன்’ என்று சத்தம் போட்டாள். அப்படியே ஆனது. குளியலறைக்குப் புதிய தாழ்ப்பாள் வாங்கிவிட்டேன்.

டோரீன் உன்னோடு பேச வேண்டும் என்கிறாள். நம்பரை எழுதிக் கொடுத்தேன், இங்கிலீஷ் எண் எனக்கு முன்பே வரும். ஆனால் உடனே கூப்பிட மாட்டேன் என்றாள். ‘முதல்ல அப்பா சொல்றது போய்ச் சேரட்டும், அப்புறம்தான் நான்’ என்கிறாள். அதனால் இது கைக்கு வந்ததும் அம்மா போனுக்கு ஒரு மிஸ்டு கால் கொடுத்துவிடு, உனக்கு லீவு நாளாகப் பார்த்து வெள்ளிக்கிழமை காலையில் அவள் கூப்பிடுவாள், எடுத்துப் பேசு. அவள் அழுதால் சமாதானம் சொல்ல அவசரப்படாதே.

குழந்தைக்கு வெயில் ஒத்துக்கொள்கிறதா என்று பார்த்துக்கொள், நேரத்துக்குச் சாப்பிடு. நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் நோய் நொடியில்லாமல் நிறைவாக வாழ வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறோம். ஒன்றை மட்டும் மனசில் வைத்துக்கொள் கண்ணு. நீ செய்யாத ஒன்றுக்காக இனி யாரிடமும் போய் மன்னிப்புக் கேட்காதே, அப்பாவைக் காப்பாற்றுவதற்காக இருந்தாலும் கேட்காதே. கேட்க வேண்டியவன் நான், கேட்கிறேன். என்னை மன்னித்துவிடு.

உன் அப்பா,
பாக்கியராஜ்