முந்நூற்றுப் பன்னிரண்டு கருத்துகள்

மார்ச் 3, செவ்வாய்

பதினோரு வருடம் விண்ணப்பம் போட்ட பிறகு அண்ணனுக்குத் தலைநகர் பண்பாட்டு மையத்தின் இரண்டாம் மாடிக் கூடம் கிடைத்திருக்கிறது. பன்னிரண்டு நாள், அவர் வரைந்த இருபத்து மூன்று படங்கள். எல்லாப் படத்திலும் வேலைக்கு நடுவே சற்று உட்கார்ந்திருக்கும் ஆட்கள்.

மையத்தில் ஒரு விதி உண்டு. பார்வையாளர் புத்தகத்தில் முந்நூறு கருத்துகள் சேர்ந்தால் ஒரு படத்தை நிரந்தரக் கூடத்தில் மாட்டுவார்கள். கடைகளுக்கு போர்டு எழுதியே அறுபதைத் தாண்டிவிட்டார் அண்ணன். "ஒண்ணே ஒண்ணு மாட்டினா போதும்டா" என்றார்.

நான் வேலை செய்யும் பத்திரிகையில் நாலு வரி போடக்கூடாதா என்று அண்ணி கேட்டார். சொந்தக்காரர்களைப் பற்றி எழுதுவதில்லை என்றேன்.

"உங்க நேர்மைக்கு எப்பவும் நாங்கதான் கிடைச்சோம், தம்பி."

மார்ச் 6, வெள்ளி

மாலை நாலு மணி. கூடத்தில் நானும், மூலையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் பணியாளர் அம்மாவும் மட்டும். நாற்பது நிமிடம் இருந்தேன். வேறு யாரும் வரவில்லை.

மார்ச் 11, புதன்

புத்தகத்தில் முந்நூற்றுப் பன்னிரண்டு! அண்ணன் சின்னப் பிள்ளை மாதிரி பக்கம் பக்கமாக வாசித்துக் காட்டினார். "எங்க மேஸ்திரி இப்படித்தான் முட்டியைப் பிடிச்சுக்கிட்டு உட்காருவார்." "இந்தப் பொம்பளை முகத்துல பசி தெரியுது."

பாதிக்கு மேல் ஒரே கையெழுத்து. ஒரே நீலப் பேனா.

மாடிக்கு ஏறும் முன்படியில் ஆளை எண்ணும் இயந்திரம் இருக்கிறது. இயக்குநரிடம் கேட்டேன். இரண்டாம் மாடிக்குப் போனவர்கள் நூற்று நாற்பத்தொன்று.

அண்ணியைத் தனியாகக் கூப்பிட்டு, "நீங்க எழுதினீங்களா?" என்றேன். பதில் சொல்லாமல் போய்விட்டார்.

மார்ச் 12, வியாழன்

கருத்துகள் போலி என்று நான் எழுதிய செய்தியைச் செய்தி ஆசிரியர் படித்துவிட்டு, "உங்க அண்ணனாச்சே, விட்டுடலாமா?" என்றார். சுற்றியிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். முப்பத்தொரு வருடத்தில் என்னிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. போடுங்கள் என்றேன்.

கடைசி வரி: 'இது குறித்துக் கேட்டபோது ஓவியரின் மனைவி மறுக்கவில்லை.'

மார்ச் 13, வெள்ளி

நாலாம் பக்கம், மூன்று பத்தி. மதியத்துக்குள் படங்களைக் கழற்றச் சொல்லிவிட்டார்கள். அண்ணனே ஏணி போட்டுக் கழற்றினாராம். கீழே நின்று யாரோ செல்போனில் படம் பிடித்தார்களாம்.

ஆபீசில் கைகுலுக்கினார்கள்.

மார்ச் 14, சனி

அண்ணி போன் செய்தார். திட்டவில்லை. "அவர் என்கிட்டயே கேட்டுட்டார், தம்பி. 'நீதான் எழுதினியா'ன்னு. 'பேப்பர்லயே வந்திருக்கே'ங்கறார். முப்பத்தெட்டு வருஷம் கூட இருந்திருக்கேன். என்னை நம்பலை, பேப்பரை நம்பறார்."

அப்படியானால் அன்றைக்கே இல்லை என்று சொல்லியிருக்கலாமே என்றேன்.

"அந்தக் கேள்விக்கெல்லாம் நான் பதில் சொல்லணுமா?"

வைத்துவிட்டார்.

மார்ச் 16, திங்கள்

பணியாளர் அம்மா ஆபீசுக்கே வந்துவிட்டார், நீலப் பேனாவோடு.

"பின்னாடி புதுக் கட்டடம் வேலை நடக்குதில்ல சார், அந்த ஆளுங்க. சாப்பாட்டு நேரத்துல பின்படி வழியா கூட்டமா வருவாங்க. எழுதத் தெரியாதவங்க சொல்லச் சொல்ல நான் எழுதினேன். ஒவ்வொருத்தரும் பக்கத்துல புள்ளி வெச்சாங்க, பாக்கலையா?"

பார்த்தேன். மை சிந்தியது என்று நினைத்தேன்.

"அஞ்சடி தள்ளி உட்கார்ந்திருந்தேன். ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே? இயக்குநரைக் கேட்டீங்க, மெஷினைக் கேட்டீங்க. நாற்காலில இருக்கறவ மனுஷியா தெரியலையோ?"

நானே புதிதாக வருகிறவர்களுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன், வாசலில் இருப்பவரை முதலில் கேள் என்று. ஏன் கேட்கவில்லை? கதை கையில் முழுசாக இருந்தது. கேட்டால் உடைந்துவிடும் — அப்படித்தானா?

மார்ச் 18, புதன்

திருத்தம் வந்தது. பதினோராம் பக்கம், இரண்டு வரி. 'தவறுக்கு வருந்துகிறோம்.' அண்ணியைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை.

மார்ச் 24, செவ்வாய்

திருத்தத்தை வைத்துக்கொண்டு மையத்துக்கு மூன்று தடவை நடந்தேன். கடைசியில் மையத்தின் தேர்வுக் குழு இறங்கி வந்தது. ஒரு படத்தை நிரந்தரக் கூடத்துக்கு எடுத்துக்கொள்கிறார்கள். முத்திரையோடு கடிதம். இன்றைக்குத்தான் சரியாகச் சாப்பிட்டேன்.

மார்ச் 25, புதன்

அண்ணன் வீட்டுக்குப் போனேன். அண்ணி கதவைத் திறந்துவிட்டு உள்ளே போனார். அண்ணன் கூடத்தில் தரையில் உட்கார்ந்திருந்தார். கடிதத்தைக் கொடுத்தேன். இரண்டு தடவை படித்தார். ஓரம் மடங்காமல் திருப்பிக் கொடுத்தார்.

"எது வேணுமோ பாத்து எடுத்துக்கச் சொல்லு."

சுவரோரம் எல்லாவற்றையும் வரிசையாகச் சாய்த்து வைத்திருந்தார். இருபத்து மூன்றும் வெள்ளை. மூலை விடாமல், போர்டுக்கு அடிப்பது போல, சீராக.

"துணி நல்ல துணிடா. வேற யாராவது வரையலாம்" என்றார். பக்கத்திலிருந்த டப்பாவில் பிரஷ்ஷைத் தோய்த்தார். "கொஞ்சம் தள்ளி நில்லு. அந்தக் கடைசி ரெண்டுக்கு இன்னொரு கோட் அடிக்கணும். அடியில இன்னும் முகம் தெரியுது."