முக்கு, தூக்கு, உதறு

மே 11, ஞாயிறு

உலக மக்களுக்கு ஓர் அறிவிப்பு. சேரன்மகாதேவி சாலையில், பழைய அரிசி ஆலை வளாகத்தில் இருக்கும், பெயிண்ட் குண்டால் சுட்டு விளையாடுகிற பெயிண்ட்பால் மைதானத்தின் கண்ணாடித் துறை அமைச்சராக, பதினோராம் வகுப்பு முடித்த சுடலைமணி ஆகிய நான் இன்று காலை பொறுப்பேற்றேன். பதவியேற்பின்போது கையில் ஈரத்துணி இருந்தது. வந்திருந்த பெருங்கூட்டம்: ஆரிப், ஒரு நாய்.

ஆட வருகிறவர்கள் முகத்தில் மாட்டும் காகிள்ஸைத் துடைக்கணும், கீறல் விழுந்த லென்ஸை மாற்றணும். இவ்வளவுதான் இலாகா. வார்ப்பட்டையை விலக்கி, இரண்டு ஓரக் கொக்கியையும் நெம்பி, நடுவில் கட்டைவிரலால் அழுத்தினால் லென்ஸ் டப்பென்று கழன்று வரும். முதல் தடவை என் மூக்கில் வந்து அடித்தது. அது கணக்கில் சேராது.

துப்பாக்கிக்குக் காற்று அடைக்கிற வேலை ஆரிப்புக்கு. அவனுடைய காகிள்ஸின் உள்விளிம்பில் நீலப் பெயிண்ட் தடவி வைத்தேன். சாயங்காலம் வரைக்கும் கண்ணைச் சுற்றி வளையத்தோடு திரிந்தான். ஆரிப் பாய் இனிமேல் பாண்டா பாய்.

மே 15, வியாழன்

மைதானம் சிவசண்முகம் அண்ணாச்சியோடது. அவர் ஒவ்வொரு லென்ஸா ஈரத்துணியால பைய துடைக்கச் சொல்லுதாரு. லீவுக்குள்ள முடியுமா அது? நான் கண்டுபிடித்த வழி: ஒரு வாளி சோப்புத் தண்ணீர். முக்கு, தூக்கு, உதறு. முழு மூட்டை காகிள்ஸும் கால் மணி நேரத்தில் பளபள.

ஆரிப் மட்டும் நின்று பார்த்தான். "லே, இரட்டை லென்ஸைத் தண்ணிக்குள்ள போடாத. ரெண்டு தகடை ஒட்டி வச்சிருக்கு, நடுவுல காத்து இருக்கு. அதனாலதான் ஆவி பிடிக்காது."

"உனக்குக் காத்தைத் தவிர வேற பேச்சே கிடையாதாவே?" என்றேன். அவனே சிரிச்சிட்டான்.

மே 17, சனி

கலைச்செல்வி அக்கா போலீஸ் எழுத்துத் தேர்வில் தேறிவிட்டாள். ஜூன் 5 ஓட்டத் தேர்வு. தினமும் விடியும் முன்னே ஆற்றங்கரையில் ஓடுகிறாள். அம்மா பீடி சுற்றிக்கொண்டே, "அவ மட்டும் காக்கி போட்டுட்டா, இந்தத் தட்டை ஆத்தோட விட்டுருவேன்" என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

நாளைக்கு அக்காவும் சிநேகிதிகளும் ஆட வருகிறார்கள். இருக்கிறதிலேயே உசந்த காகிள்ஸ், இரட்டை லென்ஸ் போட்டது, அவளுக்குன்னு தனியா எடுத்து வச்சிருக்கேன். எனக்கு மட்டும் துப்பாக்கி கொடுத்தால் ஒத்தை ஆளா பத்துப் பேரைச் சாய்ப்பேன் என்றேன். "முதல்ல கக்கூஸ்ல இருக்க கரப்பானைச் சாய்லே" என்றாள்.

மே 18, ஞாயிறு

அக்கா கண்ணுல பட்டுட்டு.

மே 19, திங்கள்

எழுதிப் பார்க்கிறேன்.

ஆட்டம் தொடங்கிக் கொஞ்ச நேரம்தான். டயர் அடுக்குக்குப் பின்னால் அக்கா உட்கார்ந்திருந்தாள். கையால் லென்ஸைத் துடைத்தாள். திரும்பத் திரும்பத் துடைத்தாள். நான் வலைக்கு வெளியே நின்று சிரித்தேன் — போலீஸ்காரி முகம் கழுவுதா பாருன்னு ஆரிப்கிட்ட சொன்னேன். அவன் சிரிக்கல. "ஏக்கா, கழட்டாத" என்று கத்தினான். அதுக்குள்ள அவ காகிள்ஸைத் தூக்கிட்டா. யார் சுட்டதோ. வலது கண்.

சுட்டவர் மேல் தப்பில்லை.

அந்த லென்ஸை வெயிலில் பிடித்துப் பார்த்தேன். இரண்டு தகட்டுக்கும் நடுவில் தண்ணீர் கோடு கோடாக நின்றது. வெளியே எவ்வளவு துடைத்தாலும் போகாது. உள்ளே பூத்த ஆவி. மற்றவர்கள் போட்டிருந்ததெல்லாம் ஒற்றை லென்ஸ், அதுக்கெல்லாம் ஒன்றுமே ஆகவில்லை. சாதாரணத்தைக் கொடுத்திருந்தால்? உசந்ததுன்னு நான்தானே தேடி எடுத்துக் கொடுத்தேன்.

கருவிழிக்குப் பின்னால் ரத்தம் தேங்கியிருக்கிறதாம். தானாக வடியணும். மறுபடி கசிந்தால் பார்வை போகலாம் என்று டாக்டர் அம்மாவிடம் சொல்லும்போது நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தலையை உயர்த்தியே படுக்கணும். குனியக் கூடாது. ஒரு மாசம் ஓடக் கூடாது.

ஓடக் கூடாது.

மே 20, செவ்வாய்

அண்ணாச்சி ஆஸ்பத்திரிக்கு வந்தார். "எதுலடே கழுவுன?"

"வாளியில முக்கிட்டேன் அண்ணாச்சி."

திட்டுவார் என்று நின்றேன். பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். "நான் கூட நின்னு பாத்திருக்கணும்" என்றார். திட்டியிருக்கலாம்.

அக்காவிடமும் சொன்னேன். கண்ணில் மூடி ஒட்டியிருக்க, கூரையைப் பார்த்தபடியே, "நான்தானலே கழட்டுனேன்" என்றாள். பிறகு, "ஆனா உள்ள ஒண்ணுமே தெரியலலே மணி."

மே 26, திங்கள்

வீட்டுக்குக் கூட்டி வந்தாச்சு. விரலைக் காட்டினால் எத்தனை என்று சொல்லிவிடுகிறாள். முகம் தெரியுதா என்று கேட்டேன். "உன் மூஞ்சி மங்கலா தெரிஞ்சாதான் நல்லாருக்கு."

எட்டு நாளைக்குப் பிறகு அம்மா சிரித்தாள். நான் பின்பக்கம் போய்விட்டேன்.

ஜூன் 5, வியாழன்

விடியும் முன்னே அக்கா எழுந்தாள். ஷூவைப் போட்டு, குனியக் கூடாது என்பதால் காலைத் தூக்கி வைத்து, கயிறு கட்டினாள். வாசல்படியில் உட்கார்ந்தாள். தெரு வெளுக்கிற வரைக்கும் உட்கார்ந்திருந்தாள். பிறகு அவளே கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனாள். அம்மா தட்டை மடியில் வைத்திருந்தாள், ஒரு பீடிகூடச் சுற்றவில்லை.

எனக்கு இன்றைக்கு ஒரு பகடியும் வரவில்லை.

ஜூன் 20, வெள்ளி

ஆஸ்பத்திரிப் பலகையில் கடைசி வரி எழுத்து வரைக்கும் அக்கா வாசித்துவிட்டாள். ரத்தம் முழுசாக வடிந்துவிட்டது. வலது கண் பாவை மட்டும் கொஞ்சம் விரிந்தேதான் இருக்குமாம், வெயிலில் கூசும். பைய ஓடலாம் என்றார் டாக்டர். தேர்வு முடிந்துபோனது. அடுத்த அறிவிப்பு வந்தால் மறுபடி முதலிலிருந்து எழுதணும். எப்போ வரும்? யாருக்குத் தெரியும்.

ஜூன் 29, ஞாயிறு

பள்ளிக்கூடம் திறந்தும் ஞாயிறு மட்டும் மைதானத்துக்குப் போகிறேன். வாளி இல்லை. ஈரத்துணி, ஒவ்வொன்றாக. இரட்டை லென்ஸ் எல்லாம் புதுசு மாற்றியாச்சு.

இன்றைக்குச் சொல்லாமல் கொள்ளாமல் அக்கா வந்து நின்றாள். நான் துடைத்து வைத்ததில் ஒன்றை எடுத்து வானத்துக்கு நேரே பிடித்தாள். இடது கண்ணால் பார்த்தாள், பிறகு வலது கண்ணால். என்னிடம் நீட்டினாள்.

"நீ போடு. பத்துப் பேரைச் சாய்ப்பேன்னியே. நான் இங்கன நின்னு பாக்கேன்."

போனேன். திரும்பி வந்தபோது என் சட்டையில் ஒரு சொட்டு பெயிண்ட் இல்லை. ஆரிப் கைதட்டினான். வலைக்கு வெளியே அக்கா வலது கண்ணுக்கு மேலே கையை வைத்து வெயிலை மறைத்திருந்தாள்.

"தெளிவா இருந்துச்சாலே?"

"சுத்தமா இருந்துச்சுக்கா. அந்தக் கடைசியில நிக்க வாழைமரம் வரைக்கும் தெரிஞ்சுது."

தலையாட்டினாள். நம்பிவிட்டாள் என்று நினைக்கிறேன்.

இங்கே மட்டும் எழுதி வைக்கிறேன். நான் ஒருத்தரையும் சாய்க்கவில்லை. ஆட்டம் முடிகிற வரைக்கும் டிரம்முக்குப் பின்னால் குத்தவைத்து, காகிள்ஸை இரண்டு கையாலும் முகத்தோடு சேர்த்துப் பிடித்திருந்தேன். துப்பாக்கி தரையில் கிடந்தது. லென்ஸ் நல்ல தெளிவாகத்தான் இருந்திருக்கும். நான்தான் கண்ணைத் திறக்கவே இல்லை.