பாவப்பட்ட வூடு இல்ல

ஆகஸ்ட் 2, சனி

என் பொண்ணு செல்வி இன்னிக்கு காலேஜு மேடையில கவிதை படிச்சா. அவளுக்கு ஃபீஸு கட்டுற பெரியவருக்கு நன்றி சொல்ற விழா. "கண்ணீரில் பிறந்த ஏழைகள் நாங்கள், கடவுளாய் வந்தீர்"னு தமிழ் மேடம் எழுதிக் கொடுத்திருந்தாங்க. நேத்து வூட்டுல அதைப் படிச்சிக் காட்டினா. நான் மீன் கூடையக் கழுவிகினே கேட்டேன். மனசு கஷ்டமா இருந்துச்சு.

மேடையில அதை அவ படிக்கல. தானே எழுதினதைச் சொன்னா, நம்ம ராயபுரத்துப் பேச்சுலயே.

"ஃபீஸு கட்டினீங்க ஐயா, நன்றி.
மழைத்தண்ணி பூந்தப்போ சோறு போட்ட
பக்கத்து வூட்டு நூர்ஜஹான் அத்தைக்கும் நன்றி.
மீன் கூடை தூக்குற எங்கம்மாவுக்கும் நன்றி.
காசு இல்லாத வூடு எங்க வூடு.
பாவப்பட்ட வூடு இல்ல."

யாரும் கை தட்டல. நான் மட்டும் தட்டினேன். பெரியவர் உடனே கெளம்பிட்டாரு. அடுத்த வருஷம் கட்டுவாரோ, என்னவோ.

பஸ்ஸுல செல்வி கேட்டா, "கோவமாம்மா?"

"இன்னாத்துக்குடி கோவம்? வெறும் மீனுன்னு சொல்லிட்டியே. வஞ்சிரம்னு சொல்லக் கூடாது?"

வந்ததும் நூர்ஜஹான்கிட்ட சொன்னேன். அவ கண்ணைத் தொடைச்சிகினே திட்டுறா. "ஒரு வாய் சோத்துக்கு மேடையேறி நன்றி சொல்லுவாளா? நான் இன்னா வேத்து மனுசியா?"

சிரிப்பு வருது எனக்கு. தூக்கம்தான் வரல.