செவ்வந்தி சாகாத கடைசி அத்தியாயம்

இன்று காலை கொரட்டூர் வீட்டு வாசலில் கூரியர்காரர் ஒரு பெட்டியை வைத்துவிட்டுப் போனார். நம் நாவலின் இரண்டாம் பதிப்பு. அட்டையில் என் பெயர் மட்டும்தான், ஆனாலும் நம் நாவல் என்றுதான் சொல்வேன். அவசரத்தில் பிளேடால் டேப்பைக் கிழித்தேன், கட்டைவிரலும் சேர்ந்து கிழிந்தது. ரத்த மந்திரத்தைப் பற்றிய புத்தகத்தின் மேல் எழுதியவளின் ரத்தமே ஒரு சொட்டு. பஞ்சில் ஸ்பிரிட் தொட்டு விரலில் வைத்ததும் அந்த வாசனையோடு உன் குரலும் வந்தது: "வேஸ்ட் பண்ணாதடி." தனியாக நின்று வாய்விட்டுச் சிரித்தேன்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் எங்கள் ஆபீசில் ரத்ததான முகாம் நடந்த நாள் நினைவிருக்கிறதா? நீ ரத்த வங்கி டெக்னீஷியன். நான் விருதுநகரிலிருந்து வந்த சாஃப்ட்வேர் டெஸ்டர். என் விரலைக் குத்திப் பார்த்துவிட்டு, "ஹீமோகுளோபின் பத்துதான் கீது, பன்னெண்டரை வோணும், எழுந்து போ" என்றாய். அத்தனை பேர் முன்னால் எனக்கு அவமானமாகிவிட்டது. "நான் ரத்தத்தை வச்சு ஒரு மந்திர நாவலே எழுதிட்டிருக்கேன்" என்று உளறினேன். நீ என்னை மேலும் கீழும் பார்த்தாய். "உடம்புல ரத்தமே இல்ல, இதுல ரத்தத்துல மந்திரம் வேறயா? அனுப்பு, படிக்கிறேன்."

அப்படித்தான் என் ஞாயிற்றுக்கிழமைகள் உங்கள் வீட்டில் கழிந்தன. நீ என் தட்டில் முருங்கைக்கீரையைக் குவித்துவிட்டு, என் அத்தியாயங்களைக் கிழிப்பாய். என் மந்திரவாதிகள் எல்லாரும் உள்ளங்கையை வெட்டிக்கொள்வார்கள். "அடுத்த நாள் சோறு எப்டி துன்னுவான்? முழங்கை மடிப்புல எடுக்கச் சொல்லு" என்றாய். ரத்தத்தைக் குடுவையில் வருஷக்கணக்கில் வைத்திருந்தார்கள். "பத்து நிமிஷத்துல உறைஞ்சிடும்டி. மருந்து கலந்து ஃபிரிட்ஜுல வச்சாலே முப்பத்தஞ்சு நாள்தான் தாங்கும்." அடுத்தவர் வேலையில் குறை கண்டுபிடிப்பது என் தொழில். நான் படைத்த உலகத்தில் நீ கண்டுபிடித்த ஓட்டைகளுக்குக் கணக்கே இல்லை.

ஆனால் பெரிய விஷயத்தை நீ பேச்சுவாக்கில்தான் சொன்னாய். நோயாளிக்கு ஒரு பை ரத்தம் எடுத்துப் போனால், பதிலுக்கு அவர் ஆட்களில் யாரையாவது வந்து ஒரு பை கொடுக்கச் சொல்வீர்கள். எந்த குரூப்பாக இருந்தாலும் சரி. "யாருமே இல்லாதவங்க பாடுதான் பேஜாரு. ஆட்டோ ஸ்டாண்டுல போய் கெஞ்சிக்கினு நிப்பாங்க. நானே எத்தினி பேருக்கு ஆள் புடிச்சுக் குடுத்துகீறேன் தெரியுமா?" அன்று என் உலகத்துக்குச் சட்டம் கிடைத்தது. மந்திரம் வேண்டுபவனுக்கு அவன் ரத்தம் செல்லாது, அவனுக்காக இன்னொருவர் விரும்பி வந்து கை நீட்ட வேண்டும். என் கொடுங்கோல் மன்னனுக்கு ஒரு ஆள்கூட வரவில்லை. அந்த அத்தியாயத்தை நீ இரண்டு தடவை படித்தாய்.

கடைசி அத்தியாயத்தில்தான் முட்டிக்கொண்டோம். ஏரிக்கரை உடைகிறது. கரையை நிறுத்த, என் நாயகியான ஓடக்காரி செவ்வந்தி தன் ரத்தம் முழுவதையும் ஏரிச்சாமிக்கு ஊற்றி ஊரைக் காப்பாற்றிச் செத்துப்போகிறாள். எழுதும்போது நானே அழுதேன். நீ படித்துக்கொண்டிருந்த ஃபோனைக் கீழே வைத்தாய்.

"எங்க ஏரிக்கரையிலயும் ஒரு கன்னியம்மா சாமி கீறா. கரை நிக்கணும்னு ஒரு பொண்ணை வெட்டிப் போட்டாங்களாம். அதையே நீயும் எழுதுறே."

"கதைன்னா தியாகம் வேணும்ல."

"ஒரு ஆளாண்ட முன்னூத்தி அம்பது மில்லிக்கு மேல எடுத்தா எங்க டாக்டரு கத்துவாரு. உன் சாமிக்கு அந்த அறிவுகூட இல்லியா? ஊருல மீதி பேரெல்லாம் இன்னா பண்ணிக்கினு இருந்தாங்க?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. ரத்தம் தெரிந்தால் கதை தெரிந்துவிடுமா என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. இரண்டு மாதம் நாம் பேசவில்லை.

பிறகு உன் அண்ணன் அழைத்தார். உனக்கு வயிற்றில் கட்டி, மறுநாள் ஆபரேஷன், நாலு பை வேண்டும். ஆவடிப் பக்கம் அந்த ஆஸ்பத்திரிக்கு நான் ஓடியபோது வாசலுக்கு வெளியே வரை வரிசை நின்றது. ஆட்டோ ஸ்டாண்டு ஆட்கள், உன் லேப் பெண்கள், எப்போதோ நீ ஆள் பிடித்துக் கொடுத்த குடும்பங்கள். நாலு பேர் போதும் என்று நர்ஸ் சொல்லியும் யாரும் நகரவில்லை. "மீதி வேற யாருக்குனா ஆவும், எடுத்துக்கோம்மா" என்றார் ஒரு ஆட்டோக்காரர். எனக்கு விரலில் குத்திப் பார்த்தார்கள். பன்னிரண்டு புள்ளி ஆறு. உன் கீரை ஜெயித்தது. கையில் ஊசியோடு படுத்தபடி அந்த வரிசையைப் பார்த்தேன். நான் எழுதிய எந்த மந்திரமும் அதற்குப் பக்கத்தில் வராது.

மறுநாளே கடைசி அத்தியாயத்தை அழித்தேன். புதியதில் கரை உடையும்போது பெயரில்லாத, பெரிய மூக்குள்ள ஒரு பெண் முதல் ஆளாக வந்து கை நீட்டுகிறாள், பின்னால் வருபவர்களை அதட்டி வரிசையில் நிறுத்துகிறாள். ஆளுக்கு ஒரு அகல் அளவுதான் ரத்தம், அதுவும் அடுத்த வீட்டுக்காக. கரை நிற்கிறது. செவ்வந்தி சாயங்காலம் ஓடத்தைக் கட்டிவிட்டு வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுகிறாள்.

நீ படுக்கையில் சாய்ந்து அதைப் படித்தாய். "இப்போ கரீட்டா கீது" என்றாய். கொஞ்சம் கழித்து, "அந்த மொத ஆளு மூக்கை இன்னும் சின்னதா எழுதியிருக்கலாம்." எட்டு மாதத்தில் கட்டி திரும்பி வந்தது. அந்த முறை எந்த வரிசையாலும் உன்னை நிறுத்த முடியவில்லை. முப்பத்தாறு வயது. எனக்கு இன்னும் ஆறவில்லை.

நாவலைப் படித்த முதல் பதிப்பாளர், "செவ்வந்தி செத்தா அடுத்த மாசமே அச்சுக்குக் கொடுத்திடலாம்" என்றார். ஏழு வருஷ உழைப்பு. மாட்டேன் என்றேன். இரண்டாமவரும் அதையே கேட்டார், அவருக்கும் அதே பதில். மூன்றாவது பதிப்பாளர், "இந்தக் கடைசி அத்தியாயத்துக்காகவே போடுறேன்" என்றார். போன மாதம் பூந்தமல்லி வாசகர் கூட்டத்துக்கு அந்த முதல் பதிப்பாளர் வந்திருந்தார். ஒரு பிரதியை நீட்டி, "நான்தான் தப்பா சொல்லிட்டேன், கையெழுத்துப் போடுங்க" என்றார். பக்கம் முழுக்க வருகிற மாதிரிப் போட்டேன். நீ இருந்திருந்தால் விசில் அடித்திருப்பாய்.

எல்லாக் கூட்டத்திலும் அந்த முதல் ஆள் யார் என்று கேட்கிறார்கள். என் சிநேகிதி என்கிறேன். இப்போது எழுதும் இரண்டாம் பாகம் பத்து வருஷம் தள்ளி நடக்கிறது. அதிலும் அவள் வருகிறாள், நாற்பத்தாறு வயதில், கொஞ்சம் குண்டாக, காதோரம் நரையோடு, மூட்டுவலியைத் திட்டிக்கொண்டு. அந்த வயதில் நீ எப்படி இருந்திருப்பாய் என்று வேறு யாரிடமும் கேட்க முடியாது. தினமும் காலையில் உட்கார்ந்து நானே எழுதிக்கொண்டிருக்கிறேன்.